ஜெர்மனியில் பாரம்பரியச் சின்ன மேலாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு: தாராசுரத்திலிருந்து கோட்புஸ் வரை

இந்தப் படிப்பில் சேர எனக்கு ஒரு வருடம் வீணானது. மதிப்பெண் குறைவு என்றோ பணம் இல்லை என்றோ அல்ல. எந்தக் காகிதத்தை எதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வரிசை தெரிந்திருந்தால் ஒரு வருடத்துச் சொச்சத்தில் முடிகிற வேலை இது. எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நான் படித்தது பிராண்டன்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'வேர்ல்ட் ஹெரிடேஜ் ஸ்டடீஸ்' முதுகலை. கோட்புஸ் நகரத்தில் 1999-இலிருந்து நடக்கிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். கீழே உள்ளதை அந்தப் படிப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏபிஎஸ் (சான்றிதழ் சரிபார்ப்பு), பிளாக்டு அக்கவுண்ட் (வாழ்க்கைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டுக் காட்டும் கணக்கு), விசா பற்றிய பகுதிகள் ஜெர்மனியில் வேறு பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. இது எந்தப் படிப்பு இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இது தொல்லியல் இல்லை. அகழாய்வுக் குழியில் இறங்க மாட்டீர்கள். சிற்பத்தைச் சுத்தம் செய்யவும், பழைய சுண்ணாம்புக் காரை அரைக்கவும் கற்றுத்தர மாட்டார்கள். ஒரு இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு அதை யார் நிர்வகிப்பது, சுற்றி எத்தனை மீட்டர் வரை கட்டக் கூடாது, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது, ஊர்க்காரர்களின் பேச்சுக்கு எவ்வளவு இடம், ஆறு வருடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டிய அறிக்கையில் என்ன வரும் என்பதுதான் பாடம். மேலாண்மைத் திட்டம், இடையக வளையம் (சின்னத்தைச் சுற்றிய பாதுகாப்புப் பகுதி), பட்டியலில் சேர்ப்பதற்கான பத்து அளவுகோல்கள் என்ற சொற்கள் தினமும் காதில் விழும்.

பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கோட்புஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் டிரெஸ்டன். அதன் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கை 2009-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆற்றின் குறுக்கே ஒரு நான்கு வழிப் பாலம் வந்ததுதான் காரணம். பாலம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டதும் அதே ஊர் மக்கள்தான். இந்த மாதிரிச் சிக்கலில் உங்களுக்கு ருசி இருந்தால் வாருங்கள். கல்வெட்டு படிக்கத்தான் ஆசை என்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள், காசும் மிச்சம்.

வேலை பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் தேர்வுகளுக்கு வரலாறு, தொல்லியல் போன்றவற்றில் முதுகலை கேட்பார்கள். 'ஹெரிடேஜ் ஸ்டடீஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் கிளார்க் நெற்றியைச் சுருக்குவார். திரும்பி வந்து அரசு வேலைக்குத்தான் போகப் போகிறேன் என்பவர், ஊரிலேயே எம்.ஏ. வரலாறு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று வாங்க, யுஜிசி 2025-இல் கொண்டுவந்த புதிய விதிமுறைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஜெர்மனியிலேயே வேலை பார்க்க நினைத்தால் ஜெர்மன் மொழி இல்லாமல் நடக்காது. நினைவுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகங்களில் கோப்பும் கூட்டமும் ஜெர்மனில்தான் ஓடும். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் மொழியைத் தள்ளிப்போட்ட என் வகுப்புத் தோழர்கள் பலர் நான்காம் செமஸ்டரில்தான் விழித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. இதே பல்கலைக்கழகம் கெய்ரோவின் ஹெல்வான் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஹெரிடேஜ் கன்சர்வேஷன் அண்ட் சைட் மேனேஜ்மென்ட்' என்று வேறொரு படிப்பையும் தொடங்கியது. பெயரைப் பார்த்துக் குழம்பித் தவறானதைச் சொடுக்கிவிடாதீர்கள்.

2. அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கும். வகுப்பு உண்மையில் அந்த மாத நடுவில்தான் சூடு பிடிக்கும். அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

செப்டம்பரில் விமானம் ஏற வேண்டும் என்றால் ஜூன் அல்லது ஜூலையில் விசா விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதற்கு அட்மிஷன் கடிதமும் பிளாக்டு அக்கவுண்டும் கையில் இருக்க வேண்டும். அட்மிஷன் கடிதம் வர, பிப்ரவரி மார்ச்சிலேயே விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பத்துக்கு ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அக்டோபர், நவம்பரில் ஏபிஎஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். ஏபிஎஸ்ஸுக்கு மதிப்பெண் பட்டியல்கள் முழுதாக வேண்டும். ஆக, படிக்கப் போகிற அக்டோபருக்கு முந்தைய வருடத்து ஆகஸ்டில் உங்கள் வேலை தொடங்குகிறது.

நான் ஜனவரியில் தொடங்கினேன். எல்லாரும் "மே மாதம்தானே கடைசித் தேதி, நாலு மாசம் கிடக்குதே" என்றார்கள். அந்த நாலு மாதத்தை என் கல்லூரியின் ஒரு மேசையே தின்றுவிட்டது. கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு, வருடத்துக்கு வருடம் மாறும். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் பாருங்கள். கன்சல்டன்சி வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள்.

3. இனிஷியல் பஞ்சாயத்தை இப்போதே முடித்துவிடுங்கள்

இது நம்மவர்களுக்கென்றே அமைந்த கண்ணி. எனக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால். பட்டச் சான்றிதழில் பின்னால். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். ஜெர்மன்காரருக்கு மூன்று பேர்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான பதிவிலும் அதே எழுத்து, அதே வரிசை. மூன்று வடிவமும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பிழையே எழுத்தில் இருந்தால், உதாரணமாகப் பள்ளிச் சான்றிதழில் ஒரு 'ஹெச்' கூடுதலாக இருந்தால், அஃபிடவிட்டோடு நிற்காதீர்கள். பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ முறைப்படி திருத்துங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இதை மூன்றாவதாகவே சொல்கிறேன்.

4. மதிப்பெண் பட்டியல், அப்புறம் ஏபிஎஸ்

ஏபிஎஸ் என்பது டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்து இயங்கும் மையம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையா, படிப்பு அங்கே மேற்படிப்புக்குத் தகுமா என்று பார்த்துச் சான்றளிப்பார்கள். 2022 நவம்பர் 1-இலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய்.

ஆன்லைனில் பதிந்து, பணம் கட்டி, படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, நகல்களோடு டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்பது நகல். அசலைக் கூரியரில் போட்டுவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதீர்கள். பள்ளி மதிப்பெண் பட்டியல்கள், ஒவ்வொரு செமஸ்டருக்குமான மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல், பாஸ்போர்ட் நகல், பணம் கட்டிய ரசீது எல்லாம் போக வேண்டும். ஒரே ஒரு செமஸ்டர் பட்டியல் விடுபட்டாலும் கோப்பு நின்றுவிடும். அரியர் வைத்துப் பிறகு பாஸ் செய்தவர்கள் இரண்டு பட்டியலையும் சேர்த்து வையுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும். சான்றிதழ் வர ஒன்றிரண்டு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்ட நேரத்தில் அதைத் தாண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் ஒன்றாகத் தொகுத்துக் கல்லூரி தரும் காகிதம், அதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. நான் படித்த கல்லூரியில் "கையெழுத்துப் போடுறவர் லீவு" என்ற ஒரே பதிலை மூன்று வாரம் கேட்டேன். நான்காவது வாரம் காகிதம் வந்தது, இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடத்தின் பெயரே இல்லாமல். மறுபடியும் மனு, மறுபடியும் செலான். கவுண்டரில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வாங்கும்போதே மூன்று நான்கு பிரதி, சீல் வைத்த உறையில், வாங்கிவிடுங்கள். கன்வகேஷன் தள்ளிப்போனால் புரொவிஷனலோடு தொடங்கலாம், காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பட்டம் ஜெர்மனியில் செல்லுமா என்று பார்க்க 'அனாபின்' என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதில் கல்லூரிப் பெயரைத் தேடி, காணோம் என்று பதறியவர்கள் உண்டு. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். பக்கத்தில் 'ஹெச் பிளஸ்' என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு என்று பொருள், நிம்மதி.

மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றுவார்கள். ஜெர்மனியில் 1 என்பது சிறப்பு, 4 என்பது தேர்ச்சி. நீங்களே கணக்குப் போடலாம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 68 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 32-ஐ 60-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.6. ஒன்றைக் கூட்ட 2.6. தேர்ச்சி மதிப்பெண்ணை 40-க்குப் பதில் 35 என்று போட்டுப் பார்த்தால் 2.5 ஆகக் குறையும். ஆகவே உங்கள் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேர்ச்சி விதியையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

5. விண்ணப்பமும் அந்தக் கடிதமும்

விண்ணப்பம் 'யூனி-அசிஸ்ட்' என்ற மையம் வழியாகப் போகும். அவர்கள் காகிதங்களைச் சரிபார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் படிப்புக்கும் 30 யூரோ. பணம் வந்து சேராமல் கோப்பைத் தொட மாட்டார்கள். வங்கி வழியாக அனுப்பினால் நடுவில் உள்ள வங்கி ஐந்து பத்து யூரோ பிடித்துக்கொள்ளும், அங்கே குறைவாகப் போய் நிற்கும். கார்டில் கட்டிவிடுங்கள். சரிபார்க்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், எனவே கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

ஐஇஎல்டிஎஸ் இரண்டு வருடம் செல்லும். 'தமிழ்நாட்டில் ஆங்கில வழியில் படித்தேன்' என்ற கல்லூரிக் கடிதம் சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது. விசாவுக்கும் கேட்பார்கள் என்பதால் தேர்வையே எழுதிவிடுவது தொல்லை இல்லாத வழி.

சரி, இப்போது நோக்கக் கடிதம். என் முதல் கடிதத்தை ஒரு கன்சல்டன்சி எழுதிக் கொடுத்தது. சிறு வயதிலிருந்தே எனக்குப் பண்பாட்டின் மீது தீராத தாகம், ராஜராஜன் 1010-இல் எழுப்பிய பெரிய கோயில் என்னை ஆட்கொண்டது என்று போகும். மூன்றாவது வரியில் எனக்கே கொட்டாவி வந்தது. இன்னொரு பையனின் கடிதத்தைப் பிறகு பார்த்தேன். கோயில் மட்டும்தான் வேறு.

இரண்டாம் வருடம் நானே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் பெரியப்பா வீடு தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில். மகன் கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் ஒரு அறை போட நினைத்தார். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதைத் தாண்டிய 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம் அப்படி. இறக்கிய செங்கல் இரண்டு மழைக்காலம் வாசலில் கிடந்து பாசி பிடித்தது. பெரியப்பா ஒருநாள் சொன்னார்: "கோயில பாக்க உலகத்துலேருந்து ஆள் வர்றான், சரி. எம் மருமவ வந்தா எங்கடா படுப்பா?"

அதைத்தான் எழுதினேன். கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததையும், அதன் நிழலில் இருக்கிற வீட்டுக்கு அதனால் என்ன கிடைத்தது, என்ன போனது என்பதையும். விதி தவறு என்று நான் எழுதவில்லை. 1997-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். சின்னம் ஒரு துறையின் பொறுப்பு, வழிபாடு வேறொருவர் பொறுப்பு என்றிருக்கும் இடத்தில், பந்தல் எங்கே போடலாம், வாசல் எத்தனை திறந்திருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்வியோடு கடிதத்தை முடித்தேன். ஒன்றரைப் பக்கம். அட்மிஷன் வந்தது.

உங்களிடமும் இப்படி ஒரு வாசல் செங்கல் இருக்கும். மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரோ, நீலகிரி மலை ரயிலில் சீட்டு கிடைக்காத உள்ளூர்க்காரரோ, 2025-இல் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரோ யாராவது ஒருவர். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்.

6. பணம்: எவ்வளவு, எப்போது, யார் பெயரில்

பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். எக்ஸ்பேட்ரியோ, ஃபின்டிபா, கோரக்கிள் போன்ற நிறுவனங்கள் ஆன்லைனில் திறந்து தருகின்றன. இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். பணம் அனுப்புகிற வாரத்தில் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பும்போது கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள், வங்கிக் கழிவில் இருபது யூரோ குறைந்தாலும் உறுதிக் கடிதம் வராது.

இந்திய வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டினால் மேல்தொகைக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும். முறையான கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது இல்லை. பிடித்த தொகை யாருடைய பான் எண்ணிலிருந்து போனதோ அவர் கணக்கில்தான் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் அப்பாவோ அம்மாவோ அனுப்பினால் சுலபம். மார்ச் கடைசியில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்து அனுப்பி வரம்புக்குள் இருந்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் அதற்கு மார்ச்சிலேயே கணக்கைத் திறந்திருக்க வேண்டும்.

கல்விக் கடனுக்கு ஒரு சங்கடம். கட்டணமே இல்லாத படிப்புக்கு எதற்குக் கடன் என்று மேனேஜர் கேட்பார். வாழ்க்கைச் செலவுக்கு என்று சொல்லி, பிளாக்டு அக்கவுண்ட் விதி அச்சிட்ட காகிதத்தைக் கையில் கொண்டுபோங்கள். கடன் அனுமதி வர ஒரு மாதம் ஆகலாம்.

உதவித்தொகை தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் 2022-இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு சார்ந்த தலைப்புகளை வெளியே தள்ளிவிட்டது. உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறு என்ற நிபந்தனையும் இருக்கிறது. நம் படிப்புக்கு இரண்டு பக்கமும் கதவடைப்பு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் விதிகளைத் தனியாகப் படித்துப் பாருங்கள். டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் போக வேண்டும்.

மற்றபடி கையை விட்டுப் போகும் காசு: ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், யூனி-அசிஸ்ட், விசா, விமானம், செமஸ்டர் கட்டணம் சில நூறு யூரோ, வீட்டுக்கு முன்பணம். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் தனியாக எடுத்து வைத்தேன், கிட்டத்தட்ட சரியாக இருந்தது.

7. விசா

உங்களுக்கு வேண்டியது நீண்டகாலத் தேசிய விசா. கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்குவார்கள். தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆவணங்களைத் தூதரகத்தின் ஆன்லைன் தளத்தில் ஏற்றி, பிறகு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, மொழிச் சான்று, மருத்துவக் காப்பீடு, வாழ்க்கைக் குறிப்பு, நோக்கக் கடிதம், 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவு புகைப்படம். தெரு முனை ஸ்டுடியோவில் முகத்தை வெள்ளையாக்கிக் கொடுத்த படத்தை எடுத்துப்போய்த் திரும்பி வந்தேன், அந்த ஆசை வேண்டாம்.

காப்பீடு இரண்டு வேண்டும். விமானம் இறங்கிய நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதியும் வரை ஒரு பயணக் காப்பீடு, அதற்குப் பிறகு ஜெர்மன் மாணவர் காப்பீடு. முப்பது வயதைத் தாண்டியவர்கள் கவனியுங்கள்: மாணவர் கட்டணம் உங்களுக்குக் கிடைக்காது, வேறு காப்பீடு பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் விசா மறுத்தால் அதே அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1-இலிருந்து அந்த வழியை மூடிவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்கலாம் அல்லது வழக்குப் போடலாம். இரண்டுமே அந்த அக்டோபரைத் தின்றுவிடும். ஆகவே முதல் முறையே கோப்பு முழுதாக இருக்கட்டும். ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவர், இடையில் என்ன செய்தீர்கள் என்பதற்கு அனுபவச் சான்று வையுங்கள். இடைவெளி குற்றமில்லை, விளக்காத இடைவெளிதான் சிக்கல்.

8. வீடு

அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள், விசா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெர்லினோடு ஒப்பிட்டால் கோட்புஸில் வாடகை குறைவு. என் விடுதி அறை மாதம் 300 யூரோ போல வந்தது. வெளியே வீடு எடுத்தால் முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது, அதற்கு மேல் கேட்டால் ஏதோ சரியில்லை. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்' என்று வரும் மின்னஞ்சல் எல்லாம் மோசடி. பெர்லினில் தங்கி ரயிலில் வந்துபோகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம், குளிர்காலத்தில் ரயில் நின்றுவிட்டால் அன்றைய வகுப்பு போச்சு.

மாதச் செலவு எனக்கு இப்படி: வாடகை 300, காப்பீடு 145 போல, சாப்பாடு 200, போன் 10. இதோடு வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொன்னாலும் விட மாட்டார்கள். 992-இல் அடங்கிவிடும். பகுதி நேர வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. ஆனால் சிறிய ஊர், ஜெர்மன் இல்லாமல் வேலை கிடைப்பது கடினம். அந்த வருமானத்தை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

9. போய் இறங்கிய முதல் இரண்டு வாரம்

ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் இரண்டு மொழியில் இருக்கும். கீழே எழுதியிருப்பது சோர்பிய மொழி, இந்தப் பகுதியின் சிறுபான்மையினர் பேசுவது. நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் செமஸ்டர் கட்டுரைக்கு உதவும்.

குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டுக்காரரோ விடுதியோ கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங்' என்ற காகிதம் தேவை. பெயரைச் சொல்லிப் பழக ஒரு வாரம் ஆகும். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று போனால் திருப்பி அனுப்புவார்கள். முகவரிப் பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு எளிதாகத் திறக்கும், வங்கிக் கணக்கு இருந்தால்தான் பிளாக்டு அக்கவுண்ட் பணம் வரத் தொடங்கும். ஆக முதல் மாதம் முழுக்கக் கையிலிருக்கும் காசில்தான் ஓட்ட வேண்டும். 1,200 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் கொண்டுவாருங்கள், விடுதி முன்பணம் இதற்குள்ளேயே போகும்.

விசா சில மாதத்துக்குத்தான் இருக்கும். அது முடியும் முன் குடியேற்ற அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 100 யூரோ வரை. நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். வந்த முதல் வாரமே மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பியதற்கான நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தபால் பெட்டி. இங்கே எல்லாம் கடிதத்தில்தான் வரும்: வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை. பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் தபால்காரர் போடுவார். நான் என் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டினேன். கடிதங்களோ பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயருக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, வந்துகொண்டிருந்தன. தாராசுரத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் நிற்கிற மனிதரைக் கோட்புஸ் தபால்காரர் எங்கே போய்த் தேடுவார்? இரண்டு வங்கி அட்டைகள் 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று திரும்பிப் போன பிறகுதான் புரிந்தது. சாவி வாங்கிய அன்றே இரண்டு பெயரையும் எழுதி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். செலோடேப் ஊரிலிருந்தே கொண்டுவந்தால் நல்லது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் இங்கே கடை எதுவும் திறந்திருக்காது.